சூதில் வைத்த பொருள் கொடுக்கப்பட்ட பொருளா?

பஞ்சசீலத்தின் இரண்டாம் சீலத்தைக் களவு செய்யாமை என்று சுருக்கிச் சொல்லி வருகிறோம். பாலி மொழியில் அஃது அதின்னாதானத்தை விலக்குதல் எனப்படும். அஃதாவது, கொடுக்கப்படாத பொருளை எடுத்துக்கொள்ளாமை. களவு என்னும் சொல்லினும் இது அகலமான பொருளுடையது. பூட்டை உடைத்து எடுப்பது மட்டுமன்று, உடையவன் மனமொப்பிக் கொடாத எதனையும் கைக்கொள்ளலாகாது என்பதே இதன் கருத்து.

இச்சீலத்தை விளக்கும் கூட்டங்களில் அண்மைக் காலமாக ஒரு வினா எழுகின்றது. வினவுவோர் படித்த இளைஞர்கள். "கைப்பேசியில் நேரலையாக நடக்கும் கேசினோ ஆட்டத்தில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. உண்மையான மனிதர், உண்மையான சீட்டை, நம் கண்முன்னே போடுகிறார். பணத்தை என் விரலால் நானே வைக்கிறேன். ஆகவே அது கொடுக்கப்பட்ட பொருள்தானே? மேலும், உபாசகன் செய்யத்தகாதவை என்று பகவான் புத்தர் விலக்கிய வாணிபங்கள் ஐந்து: ஆயுதம், உயிர்கள், இறைச்சி, மது, நஞ்சு. இவற்றுள் சூது இல்லையே! பின் குற்றம் எங்கே இருக்கிறது?" என்று கேட்கிறார்கள்.

இதைக் கேட்டவுடன் வெகுண்டு, "சூது பாவம், வாயை மூடு" என்று அடக்கிவிடும் பெரியோர் நம்மிடையே உளர். அப்படி அடக்கப்பட்டவன் அடுத்த கூட்டத்துக்கு வருவதில்லை, ஆட்டத்தை விடுவதுமில்லை. ஆராய்ந்து பார்த்துக் கொள் என்று சொன்ன தம்மத்தில் இருந்துகொண்டு, ஆராய வந்தவனை விரட்டுவது நமக்கு அழகன்று.

சட்டம் தடுத்துவிட்டதே, இனி ஆராய்ச்சி எதற்கு என்று கேட்போரும் உண்டு. பணம் வைத்து ஆடும் இணையவழி ஆட்டங்களைத் தடைசெய்து 2025 ஆகஸ்டில் நம் நாடாளுமன்றம் ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. அம்மாதம் 22ஆம் நாள் குடியரசுத் தலைவர் அதற்கு ஒப்புதல் அளித்தார். நடத்துவோருக்கு மூன்றாண்டு வரை சிறையும் ஒரு கோடி ரூபாய் வரை அபராதமும் உண்டு என்று அச்சட்டம் கூறுகின்றது. ஆடுவோருக்கோ அதில் தண்டனை இல்லை. ஆடுபவனை அவனுடைய மனச்சான்றின் பொறுப்பிலேயே சட்டம் விட்டிருக்கிறது. அயல்நாட்டுக் கூடங்கள் கள்ளவழியாக எட்டிப் பார்க்கும் இந்நாளில், அந்த மனச்சான்றோடுதான் நாம் பேச வேண்டியவர்களாக இருக்கிறோம்.

முதலில், இவ்வாட்டம் நடைபெறும் முறையை அறிதல் வேண்டும். அறியாத ஒன்றைக் கண்டிப்பது எளிது, ஆயின் பயனில்லை.

இத்தொழிலில் முதன்மையானது எவல்யூஷன் என்னும் ஸ்வீடன் நாட்டு நிறுவனம். 2006இல் தொடங்கப்பட்டது. லாத்வியா நாட்டின் தலைநகரான ரீகாவிலும், மால்ட்டாத் தீவிலும், ஜார்ஜியா நாட்டின் தலைநகரான டிபிலிசியிலும் இதற்குப் பெரிய ஆட்டக்கூடங்கள் உண்டு. அவற்றைச் சூதுக்கூடம் என்பதைவிடப் படப்பிடிப்பு நிலையம் என்பதே பொருந்தும். ஆடுவோர் ஒருவரும் அங்கே இல்லை. வரிசை வரிசையாக மேசைகள். ஒவ்வொரு மேசைக்கும் விளக்குகள், பல கோணங்களில் கேமராக்கள், டீலர் எனப்படும் சீட்டுப் போடும் ஊழியர் ஒருவர். இரவு பகல் என்றில்லாமல், முறை வைத்து ஆள் மாற்றி, மேசை மாற்றி, நாள் முழுவதும் ஆட்டம் நடக்கும். மில்லில் மூன்று ஷிப்டு பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டுவதில்லை.

டீலர் சீட்டைப் பெட்டியிலிருந்து உருவி மேசைமேல் வைத்தவுடன், அது இன்ன சீட்டு என்பதைக் கருவி படித்துவிடுகிறது. சில மேசைகளில் சீட்டில் அச்சிட்ட கோட்டுக்குறியை ஒரு கருவி படிக்கும். சிலவற்றில் கேமராவே எழுத்தையும் எண்ணையும் அடையாளம் கண்டுகொள்ளும். ரூலெட் என்னும் சக்கர ஆட்டத்தில் பந்து எந்தக் குழியில் விழுந்தது என்பதைச் சக்கரத்தில் பொருத்திய உணர்கருவி சொல்லும். மேசையோடு இணைந்த ஒரு சிறு பெட்டி இவையனைத்தையும் எண்ணாக மாற்றி, ஓடும் படத்தோடு சேர்த்து அனுப்புகின்றது. ஆடுபவனுடைய திரையில் பணம் வைக்கச் சில விநாடிகள் காட்டப்படும். அவை கழிந்ததும் வைப்பு மூடப்படும். முடிவு தெரிந்த கணமே கணக்கு தீர்க்கப்படும். டீலர் காசைத் தொடுவதேயில்லை. பணத்தை வாங்குவதும் கொடுப்பதும் வேறு ஒரு கேசினோ. அது தன் வருவாயில் ஒரு பங்கை ஆட்டக்கூடத்துக்குக் கொடுக்கின்றது. டீலருக்குக் கூலி.

நம் நாட்டாரை எண்ணியும் ஆட்டங்கள் அமைத்திருக்கிறார்கள். அந்தர் பாகர் என்று அவர்கள் நடத்துவது வேறொன்றுமில்லை. ஒரு சீட்டைத் திறந்து வைத்துவிட்டு, அதே எண்ணுள்ள சீட்டு உள்ளே விழுமா வெளியே விழுமா என்று பணம் கட்டும் நம்முடைய மங்காத்தாதான். இந்தி பேசும் டீலர்கள் இருக்கும் மேசைகளும் உண்டு.

இனி, இளைஞர் சொல்வது போல் இவ்வாட்டம் நேர்மையாக நடக்கிறதா? உரிமம் பெற்று, கண்காணிப்புக்கு உட்பட்டு நடக்கும் கூடங்களைப் பொறுத்தமட்டில் பெரும்பாலும் நேர்மையாகவே நடக்கிறது என்று ஒப்புக்கொள்வதில் எனக்குத் தடையில்லை. ஏமாற்ற வேண்டிய தேவையே அவர்களுக்கு இல்லை. அதை ஒரு கணக்கால் காட்டலாம்.

ஐரோப்பிய ரூலெட் சக்கரத்தில் 37 குழிகள் உள்ளன. 1 முதல் 36 வரை, அவற்றோடு ஒரு சுழி. ஓர் எண்ணில் ஒரு ரூபாய் வைத்து வென்றால் 35 ரூபாய் பரிசும் வைத்த ரூபாயும் ஆக 36 கிடைக்கும். ஒருவன் 37 குழிகளிலும் ஒவ்வொரு ரூபாய் வைக்கிறான் என்று கொள்வோம். எது விழுந்தாலும் அவன் வென்றவனே. ஆனால் வைத்தது 37, வந்தது 36. அந்த ஒரு ரூபாய்தான் கூடத்தின் வாழ்வு. நூற்றுக்கு 2.70. சக்கரம் எவ்வளவு நேர்மையாகச் சுற்றுகிறதோ அவ்வளவு உறுதியாக அந்த ஒரு ரூபாய் வந்து சேரும். பக்காரா என்னும் சீட்டாட்டத்தில் ஒரு பக்கத்துக்கு நூற்றுக்கு 1.06, மறு பக்கத்துக்கு 1.24 கூடத்தின் பங்கு. இரண்டும் சமமாகும் என்று கட்டினால் எட்டு மடங்கு தருவதாகச் சொல்லி, 14க்கு மேல் எடுத்துக்கொள்கிறார்கள்.

நூற்றுக்கு மூன்று ரூபாய்கூட இல்லையே, எங்கள் மளிகைக்கடைக்காரர் இதைவிட அதிகம் வைக்கிறாரே என்று ஓர் அன்பர் நகைத்தார். மளிகைக்கடையில் ஒரு படி அரிசியை ஒரு முறைதான் வாங்குகிறோம். இங்கே அதே நூறு ரூபாயைத் திரும்பத் திரும்ப வைக்கிறோம். மணிக்கு நாற்பது சுற்று, சுற்றுக்கு நூறு ரூபாய் என்றால் மேசைமேல் சென்று வந்தது 4,000. சராசரியாகப் போவது 108. ஒரு மேசையை ஆயிரம் பேர் ஒரே வேளையில் ஆடினால் மணிக்கு 1,08,000. இருபத்து நான்கு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 26 இலட்சம். எங்கள் நெசவுப் பகுதியில் ஒருவர் பல தறிகளைப் பார்ப்பார்; தறி கூடும், கூலி கூடாது. ஆனால் அங்கும் ஒரு மனிதனுடைய கால்கள் ஓடக்கூடிய தூரம் என்று ஓர் எல்லை இருந்தது. ரூலெட் மேசைக்கு அந்த எல்லையும் இல்லை. பிளாக்ஜாக் என்னும் ஆட்டத்தில் ஏழு இருக்கைகள்தாம் என்ற வரம்பு இருந்தது. ஒரே கையை எத்தனை பேரும் ஆடலாம் என்று அதையும் நீக்கிய மேசைகள் வந்துவிட்டன.

2018இல் மின்னல் ரூலெட் என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு சுற்றிலும் சில எண்களில் மின்னல் வெட்டும். அவ்வெண்ணில் வைத்திருந்தவனுக்கு 50 முதல் 500 மடங்கு வரை கிடைக்கும். கொடை போலத் தோன்றும். மின்னல் படாத எண்ணுக்கு 35 மடங்குக்குப் பதில் 29 மடங்குதான் தருகிறார்கள் என்பதைப் படித்தால், கொடை யாருடைய பையிலிருந்து வருகிறது என்பது விளங்கும்.

லித்த ஜாதகத்தில் ஒரு கதை உண்டு. போதிசத்துவரோடு கவறாடிய ஒருவன், தனக்குத் தோல்வி வரும்போதெல்லாம் ஒரு காயை வாயில் போட்டுக்கொண்டு, காய் காணவில்லை என்று ஆட்டத்தைக் கலைத்துவிடுவான். போதிசத்துவர் காய்களுக்கு நஞ்சு பூசி உலர்த்திக் கொண்டுவந்தார், அவன் வழக்கம்போல் விழுங்கினான், மயங்கினான். பின்பு அவரே மருந்து கொடுத்துக் கக்கவைத்துக் காப்பாற்றினார். அக்காலத்துச் சூதாடி ஏமாற்றியதால் பிடிபட்டான். இக்காலத்துக் கூடம் ஏமாற்றாததால் பிடிபடுவதில்லை.

நிற்க. கணக்கே போதுமானால், டீலர் என்னும் மனிதர் எதற்கு? கணினியே எண்ணைப் பொறுக்கிக் காட்டும் ஆட்டங்கள் முன்பே இருந்தன, இன்றும் இருக்கின்றன. அவற்றுக்கு ஊழியர் வேண்டாம், விளக்கு வேண்டாம். அப்படியிருந்தும் இத்தனை ஆயிரம் பேருக்குக் கூலி கொடுத்துக் கேமரா முன் நிறுத்துவானேன்? எந்திரத்தை மனிதன் நம்புவதில்லை; முகத்தை நம்புகிறான். டீலர் சிரிக்கிறார். ஆடுபவன் எழுத்தில் அனுப்பும் செய்தியைப் படித்து, அவன் வைத்துக்கொண்ட பெயரைச் சொல்லி வாய்ப்பேச்சால் விடையளிக்கிறார். வென்றால் வாழ்த்துகிறார். இரவு இரண்டு மணிக்கு உறக்கம் வராத ஒருவனை, பெயர் சொல்லி வரவேற்க அவர் ஒருவர்தான் விழித்திருக்கிறார்.

ஆனால் அவர் இவனைப் பார்ப்பதில்லை. இவன் அவரைப் பார்க்கிறான். அவருக்குத் தெரிவது ஒரு திரையில் ஓடும் எழுத்து. இவன் கை நடுங்குவதும், பக்கத்து அறையில் குழந்தை அழுவதும், இவன் வைப்பது வீட்டு வாடகைப் பணம் என்பதும் அவருக்குத் தெரியா. கண்ணோட்டம் என்று நம் முன்னோர் இரக்கத்துக்கு ஒரு பெயர் வைத்தார்கள். கண் பிறர்மேல் ஓடுவதனால் பிறக்கும் இரக்கம் அது. இங்கே முகம் இருக்கிறது. கண்ணோட்டம் பிறக்க வழியில்லாதபடி அமைத்திருக்கிறார்கள். அமைத்திருக்கிறார்கள் என்று நான் சொல்வது டீலரையன்று.

சம்பள நாட்களில் மில் வாயிலுக்கு வெளியே, மரத்தடியில் மங்காத்தா நடக்கும். அதில் சூழ்ச்சியும் உண்டு, சண்டையும் உண்டு; அதை நான் புகழ வரவில்லை. ஆனால் வென்றவன் யார் என்று எல்லாருக்கும் தெரியும். முழுச் சம்பளத்தையும் தோற்றவனுடைய மனைவி மறுநாள் வென்றவன் வீட்டு வாயிலில் வந்து நிற்பாள். தெருவே கூடும். வென்றவன் தலையைக் குனிந்துகொண்டு பாதியாவது திருப்பிக் கொடுத்ததை நான் இருமுறை கண்டிருக்கிறேன். பத்து ஆட்டம் தோற்றவனை, "போதும், எழுந்து வீட்டுக்குப் போ" என்று எதிரில் இருந்தவனே எழுப்பிவிட்டதும் உண்டு. சிகாலன் என்னும் இளைஞனுக்குப் பகவான் சூதின் கேடுகள் ஆறு என்று எடுத்துரைத்தார். வென்றவன் பகையைப் பெறுகிறான், தோற்றவன் போன பொருளுக்கு அழுகிறான், செல்வம் அழிகிறது, சபையில் அவன் சொல் ஏறாது, நண்பர் இகழ்வர், பெண் கொடுக்க யாரும் முன்வாரார். இவற்றுள் முதலாவதை இக்காலத்தார் நீக்கிவிட்டார்கள். வென்றவன்மேல் பகைகொள்ள வழியில்லை, ஏனெனில் அவன் யாரென்று தெரியாது. சபையும் அறியாது, நண்பரும் அறியார். சாளரத்தை மூடிக்கொண்டு தோற்கலாம். கேடுகள் குறைந்தன என்று மகிழ்வதற்கு இதில் ஒன்றுமில்லை. பகையும் பழியும் வேலியாகவும் இருந்தன.

இப்போது முதல் வினாவுக்கு வருவோம். சூதில் வைத்த பொருள் கொடுக்கப்பட்டதா?

கொடையாகக் கொடுப்பவன், அது திரும்பி வராது என்று அறிந்து கொடுக்கிறான். விலையாகக் கொடுப்பவன், அதற்கு ஈடாக இன்னது வரும் என்று அறிந்து கொடுக்கிறான். சூதில் வைப்பவன் இவ்விரண்டையும் செய்யவில்லை. அவன் நெஞ்சில் கூடத்துக்கு ஒரு காசும் கொடுக்கும் எண்ணமில்லை. கூடத்திலிருந்து எடுக்கும் எண்ணமே இருக்கிறது. ஆயின் இழக்க நேரிடலாம் என்பதற்கு அவன் உடன்பட்டிருக்கிறான் என்பதையும் மறுக்கலாகாது. அவன் வளர்ந்த மனிதன், விதிகள் எழுதப்பட்டிருக்கின்றன, கணக்கை அவனும் போட்டிருக்கலாம். ஆகலின் இதைக் களவு என்று நான் சொல்ல மாட்டேன். களவு என்று மேடையில் முழங்கினால் கைத்தட்டல் கிடைக்கும். வினவிய இளைஞனோ, நாம் உண்மையைத் திரிக்கிறோம் என்று உள்ளுக்குள் அறிந்துகொள்வான். இரண்டாம் சீலத்தின் எல்லைக்குள் வைத்துப் பார்த்தால், அவன் வாதத்தில் பாதி நிற்கிறது.

மற்றப் பாதி நிற்கவில்லை. அதற்கு ஐந்தாம் சீலத்தைப் பார்க்க வேண்டும்.

மதுவை விலக்கும் அச்சீலத்தில் பமாதட்டானம் என்று ஒரு சொல் வருகிறது. பமாதம் என்பது மறதி, விழிப்பின்மை, மனம் தன்னைக் காவாது விடுதல். தானம் என்பது இடம். விழிப்பு அழிவதற்கு இடமாயிருப்பதனாலேயே மது விலக்கப்பட்டது. அதன் நிறத்தாலோ மணத்தாலோ அன்று. சிகாலனுக்குச் சொன்ன உபதேசத்தில், செல்வம் வடிந்துபோகும் வழிகளை வரிசைப்படுத்தும்போது, மதுவுக்கு இட்ட அதே பமாதட்டானம் என்னும் சொல்லைச் சூதுக்கும் இட்டிருக்கிறார் பகவான். இது தற்செயலன்று என்பது என் துணிபு. விலக்கிய ஐந்து வாணிபங்களில் சூதுக்கூடத்தைத் தனியே தேட வேண்டுவதில்லை; மதுவைச் சொன்ன இடத்திலேயே அதன் இனமாக அது அடங்கியிருக்கிறது. கள்ளுக்கடைக்காரன் கலப்படமில்லாத கள்ளை அளவு குறையாமல் விற்றால், அவன் நேர்மையானவன் என்று சொல்லலாம். நற்றொழில் செய்கிறான் என்று சொல்லலாகாது. நேர்மையான சூதுக்கூடமும் அப்படியே. அது விற்பது சீட்டையன்று. மணி எத்தனை என்பதை மறந்திருக்கும் நிலையை.

இடையே ஒன்று. அங்குத்தர நிகாயத்தில் கோலிய குலத்து வியக்கபஜ்ஜனுக்குச் சொன்ன உபதேசத்தில், ஒருவனுடைய செல்வம் வடியும் மடைகள் பரத்தைமை, மது, சூது, தீயோர் நட்பு என்று வருகின்றன. திருக்குறளில் 92ஆம் அதிகாரம் வரைவின் மகளிர், 93ஆவது கள்ளுண்ணாமை, 94ஆவது சூது. முதல் மூன்றும் அதே வரிசை. தமிழில் பௌத்த நூல் கற்பார் இதை ஈண்டு நோக்குவாராக.

டீலர் வேலையைப் பற்றியும் கேட்கிறார்கள். எந்நாட்டிலாயினும் அதுவும் வேலைதானே, கூலிக்கு நிற்பவர் பாவியா என்று.

2024 ஜூலையில் டிபிலிசியில் இருந்த அந்நிறுவனத்தின் ஊழியர் ஆயிரக்கணக்கானோர் ஊதிய உயர்வும் நல்ல பணிச்சூழலும் கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். சிலர் உண்ணாநோன்பும் இருந்தார்கள். சிரித்த முகத்தோடு இருப்பதையே வேலையாக உடையவர்கள் வீதியில் வந்து நின்ற செய்தியைப் படித்தபோது, என் மனம் அவர்கள் பக்கமே சாய்ந்தது. தொழிற்சங்கத்தில் வளர்ந்தவனுக்கு வேறெப்படிச் சாயும்? அவர்கள் கேட்டது நியாயம். கள்ளுக்கடையில் பானை கழுவுபவனுக்கும் நியாயக்கூலி உரியதே. அந்த நியாயம் கள்ளை நல்லதாக்கிவிடாது. கள்ளின் தீமையும் அவனுடைய கூலியைக் குறைக்க ஒருவனுக்கு உரிமை தராது. சேதனையே கன்மம் என்று பகவான் சொன்னார். எண்ணத்தைக் கொண்டே செயல் அளக்கப்படும். மணிக்கு எத்தனை சுற்று, எந்தப் பரிசுக்கு எத்தனை மடங்கு, எந்த முகம் எந்த நாட்டாரைக் கவரும் என்று அறையில் அமர்ந்து கணக்கிட்டவனுடைய எண்ணமும், குடும்பத்துக்குச் சோறு வேண்டிச் சீட்டை உருவுகிறவளுடைய எண்ணமும் ஒரே நிறையல்ல. ஆயினும் அவளுடைய நிறை சுழியுமன்று. தன் சிரிப்பு எதற்காகக் கூலிக்கு எடுக்கப்பட்டிருக்கிறது என்பதை அவள் சில வாரங்களில் அறிந்துகொள்வாள். அறிந்த பிறகு எண்ணம் பழைய எண்ணமாக இருப்பதில்லை.

அயல்நாட்டில் இப்படியொரு வேலை கிடைக்கிறது, மகளை அனுப்பலாமா என்று நம் அன்பர் ஒருவர் கேட்டார். வேறு வேலைக்கு வழியிருந்தால் அனுப்ப வேண்டாம் என்றேன். வழியில்லையேல், எத்தனை மாதத்துக்குள் வேறு வேலைக்கு மாறுவது என்று புறப்படும் முன்பே நாள் குறித்துக்கொள்ளச் சொன்னேன். அவர் பதினெட்டு மாதம் என்றார். மகள் பன்னிரண்டு என்றாள்.